திரை உறைந்த ஒரு நிமிடம்: பட்டியல் மாறினால் எத்தனை முறை சொல்வது?

கெலுகோரில் பாலத்துக்கு அருகே குடியிருப்பவர்களுக்கு ஷிப்ட் மாறும் நேரத்தைத் தெரிந்துகொள்ளக் கடிகாரம் தேவையில்லை. பெருநிலத்திலிருந்து தொழிற்சாலை பஸ்கள் வரிசையாக இறங்கி, பாயான் லெப்பாஸ் பக்கம் திரும்புவதைப் பார்த்தாலே போதும். 1972-இல் அங்கே தடையற்ற வர்த்தக மண்டலம் தொடங்கி, இன்டெல் போன்ற நிறுவனங்கள் வந்த நாள் முதல், பால்மரத்தை நம்பியிருந்த பல குடும்பங்களின் பிள்ளைகள் இந்த மண்டலத்துக்கு வேலைக்குப் போனார்கள். 1985-இல் பினாங்கு பாலம் திறந்த பிறகு அந்தப் பயணம் இன்னும் எளிதானது. இன்று அவர்களுடைய பிள்ளைகளில் பலர் அதே தொழிற்சாலைகளில் மென்பொருள் எழுதுகிறார்கள். நானும் அப்படி ஒருவன்.

இந்தக் கட்டுரை ஒரு மென்பொருள் கோளாறைப் பற்றியது. நிரல் எழுதும் இளைஞர்களுக்கு நேரடியாகப் பயன்படும். மற்றவர்கள், வீட்டுப் பிள்ளை இரவெல்லாம் கணினி முன் உட்கார்ந்து என்னதான் செய்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு தொழிற்சாலையின் லைனுக்கு நாங்கள் கண்காணிப்புத் திரை ஒன்றை எழுதிக் கொடுத்தோம். மின்னணுப் பலகைகளை ஈயமில்லாப் பற்றாசு கொண்டு ஒட்டும் லைன் அது. பலகைகள் ஒரு நீண்ட அடுப்புக்குள் ஊர்ந்து போகும். அந்த வகைப் பற்றாசு ஏறத்தாழ 217 பாகை செல்சியஸில் உருகத் தொடங்கும். அடுப்பின் உச்ச வெப்பம் அதைவிட இருபது, முப்பது பாகை கூடுதலாக இருக்கும். அதற்கு மேல் போனால் பலகையிலுள்ள சில்லுகள் கெட்டுப்போகும். ஒவ்வொரு பலகை நகரும்போதும், அடுப்பின் ஒவ்வொரு பகுதியின் வெப்பம் மாறும்போதும் திரையிலுள்ள பட்டியலில் ஒரு வரி சேரும். எச்சரிக்கை வந்தால் அதுவும் அதே பட்டியலில் சிவப்பு வரியாக விழும். அந்தக் கடைசி ஏற்பாடுதான் பிறகு எங்களைத் தலைகுனிய வைத்தது.

ஓர் இரவு ஷிப்டில் வலையமைப்பு சிறிது நேரம் துண்டிக்கப்பட்டது. அது திரும்பி வந்ததும், இயந்திரங்கள் அதுவரை சேர்த்து வைத்திருந்த ஐயாயிரம் வரிகளும் ஒரே மூச்சில் வந்து கொட்டின. திரை உறைந்தது. பணியில் இருந்த அக்கா மவுஸை அழுத்திப் பார்த்தார், அசையவில்லை. ஒரு நிமிடத்துக்கும் மேல் அப்படியே நின்றது. அந்த நேரத்தில் அடுப்பின் ஒரு பகுதி வெப்பம் எல்லை தாண்டியதாக எச்சரிக்கை வந்திருந்தது. ஆனால் அது ஐயாயிரம் வரிகளுக்குப் பின்னால், கடைசி ஆளாக வரிசையில் நின்றது. திரையில் அது தெரிந்தபோது அடுப்புக்குள் இருந்த பலகைகள் எல்லாம் ரிஜெக்ட்.

மறுநாள் விசாரணையில் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார்கள். எச்சரிக்கையின் நேரம் துல்லியமாக இருந்தது. "இத்தனை மணிக்கே வந்திருக்கிறது, ஏன் லைனை நிறுத்தவில்லை?" என்று கேட்டு அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டார்கள்.

"தம்பி, நான் கண் இமைக்காம பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். திரையில வந்தாதானே எனக்குத் தெரியும்?" என்று அவர் என்னிடம் கேட்டார். பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது.

பெரட்டும் பட்டியலும்

கணினியின் நினைவகத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. திரையில் நாம் பார்ப்பது அதன் நிழல். இரண்டையும் முடிச்சுப் போட்டு, உள்ளே மாறினால் வெளியேயும் தானாக மாறும்படி செய்வதைத்தான் டேட்டா பைண்டிங் என்கிறார்கள். உள்ளிருக்கும் தரவையும் வெளியில் தெரியும் காட்சியையும் பிரித்து வைக்கும் எண்ணம் பழையது. நார்வே நாட்டுக் கணினி அறிஞர் டிரிக்வெ ரீன்ஸ்காவ், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் 1979-இல் இதற்கு ஒரு வடிவம் கொடுத்தார். மைக்ரோசாஃப்ட் 2006 நவம்பரில் டாட்நெட் 3.0-ஐ வெளியிட்டபோது, டபிள்யூ.பி.எஃப். என்ற திரை வடிவமைப்புக் கருவியும் அதனோடு வந்தது. அப்சர்வபிள் கலெக்‌ஷன் என்ற பட்டியல் வகை நம் ஊர் நிரலர்களின் கைக்கு வந்தது அதன் வழியாகத்தான். ஒரு வரி சேர்ந்தாலோ, நீங்கினாலோ, இடம் மாறினாலோ, "நான் மாறிவிட்டேன்" என்று அது தானே குரல் கொடுக்கும். திரை அதைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும்.

வசதியான ஏற்பாடுதான். ஆனால் அந்தக் குரலுக்கும் ஒரு விலை உண்டு.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு தெரியும். விடியற்காலையில் எல்லாரும் பெரட்டுக் களத்தில் நிற்பார்கள். பெயர் கூப்பிடுவார்கள், இருப்பவர் குரல் கொடுப்பார், செக்ரோலில் குறி விழும். எல்லாப் பெயரும் முடிந்த பிறகு கணக்கு ஒரே தடவையாக ஆபீசுக்குப் போகும். மாறாக, முனியம்மா வந்ததும் ஒருவர் ஆபீசுக்கு ஓடி "முனியம்மா வந்துவிட்டார்" என்று சொல்லி, கிராணி பேரேட்டைத் திறந்து எழுதி, மொத்தத்தைக் கூட்டி, மூடி வைத்த பிறகுதான் அடுத்த பெயரைக் கூப்பிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். மரம் வெட்டப் போவதற்குள் வெயில் ஏறிவிடும். எங்கள் நிரல் அந்த இரண்டாவது முறையில்தான் வேலை செய்தது.

கணக்கைப் பாருங்கள். அப்சர்வபிள் கலெக்‌ஷனில் ஒரு வரியைச் சேர்த்தால் எழுவது ஓர் அறிவிப்பு அல்ல, மூன்று. எண்ணிக்கை மாறியது என்று ஒன்று, உள்ளடக்கம் மாறியது என்று ஒன்று, இன்ன இடத்தில் இன்ன வரி சேர்ந்தது என்று ஒன்று. ஐயாயிரம் வரிக்குப் பதினைந்தாயிரம் அறிவிப்புகள். ஆனாலும் இன்றைய கணினிக்கு இது மட்டும் பெரிய சுமை இல்லை. அந்த அறிவிப்பைக் கேட்டவர்கள் என்ன செய்தார்கள் என்பதில்தான் கோளாறு ஒளிந்திருந்தது.

முதல் குற்றவாளி நாங்களே எழுதிய ஒரு சிறு துண்டு. பட்டியலில் எது மாறினாலும் சராசரி வெப்பத்தைப் புதிதாகக் கணக்கிட வேண்டும் என்று எழுதியிருந்தோம். அது ஒவ்வொரு முறையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசிக்கும். முதல் வரி சேர்ந்தபோது ஒரு வாசிப்பு, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு மூன்று. இப்படி ஐயாயிரம் வரை கூட்டினால் 1 கோடியே 25 லட்சம் வாசிப்புகள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

இரண்டாவது, திரையில் தெரியாத வரிகளுக்கும் நாங்கள் உருவம் கொடுத்துக்கொண்டிருந்தோம். டபிள்யூ.பி.எஃப். பட்டியல்கள் சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியும் முப்பது, நாற்பது வரிகளை மட்டுமே வரையும். உருட்டும்போது மற்றவற்றை வரைந்துகொள்ளும். ஆனால் பட்டியலை இன்னோர் உருட்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டால், தனக்கு எல்லையில்லா உயரம் கிடைத்துவிட்டதாக எண்ணி ஐயாயிரத்தையும் வரையப் பார்க்கும். அழகுக்காக ஒரு நண்பர் அப்படி ஒரு பெட்டியைச் சுற்றி வைத்திருந்தார். யாரும் கவனிக்கவில்லை.

மூன்றாவதுதான் திரை ஏன் அடியோடு உறைந்தது என்பதற்கு விடை. தரவு பின்னணி இழையில் வந்தது. திரையைத் தொட உரிமையுள்ளது திரை இழை ஒன்றுக்கு மட்டும். அதனால் ஒவ்வொரு வரியையும் திரை இழையின் வரிசையில் தனித்தனி வேலையாகப் போட்டோம். அந்த வரிசையில் முன்னுரிமை உண்டு. நாம் ஒன்றும் குறிப்பிடாமல் போடும் வேலைக்குச் சாதாரண முன்னுரிமை கிடைக்கும். திரையை வரைவது அதற்குக் கீழே. மவுஸ், விசைப்பலகை அதற்கும் கீழே. ஆக, ஐயாயிரம் வேலையும் முடியும் வரை திரை தன்னை வரைந்துகொள்ளவில்லை, அக்காவின் மவுஸ் அழுத்தத்தைக் கேட்கவும் இல்லை. கணினி சோம்பி நிற்கவில்லை, மும்முரமாகத்தான் உழைத்தது. எதிரே ஒரு மனிதர் காத்திருப்பது மட்டும் அதற்குத் தெரியவில்லை.

பஸ் நேரத்துக்குப் புறப்படட்டும்

திருத்தியபோது முதலில் அந்த உருட்டுப் பெட்டியைக் கழற்றினோம். சராசரிக் கணக்கை, பழைய கூட்டுத்தொகையோடு புதிய மதிப்பைச் சேர்ப்பதாக மாற்றினோம். இரண்டும் அரை நாள் வேலை. பாதிக்கு மேல் நோய் அதிலேயே தீர்ந்தது என்று சொல்வேன். அறிவிப்புகளைக் குறைக்கும் வித்தைகளைத் தேடிப் போகுமுன், அறிவிப்பைக் கேட்பவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள் என்பது என் கருத்து. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

அடுத்து, வரும் வரிகளை உடனே பட்டியலில் போடாமல் பின்னணியில் ஒரு வரிசையில் நிறுத்தினோம். கால் நொடிக்கு ஒரு முறை திரை இழை வந்து, அதுவரை சேர்ந்ததை மொத்தமாக எடுத்துக்கொள்ளும். பாலத்தைக் கடக்கும் தொழிற்சாலை பஸ் மாதிரி. நாற்பது பேர் நாற்பது மோட்டார் சைக்கிளில் போவதற்குப் பதில் ஒரே பஸ். நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் நேரத்துக்குப் புறப்படும். திரை ஒரு நொடிக்கு 60 முறை தன்னை வரைந்துகொள்ளலாம். ஆனால் ஒரு நொடியில் நான்கு முறைக்கு மேல் மாறும் பட்டியலை எந்த மனிதக் கண்ணும் படிக்காது. கால் நொடி என்பதற்கு அதுதான் காரணம்.

மொத்தமாக எடுத்ததை மொத்தமாகச் சேர்க்க வேண்டும் அல்லவா? இங்கேதான் புதியவர்கள் இடறி விழுவார்கள். அப்சர்வபிள் கலெக்‌ஷனில் ஒரு தொகுதியை ஒரே அறிவிப்போடு சேர்க்கும் வசதி இல்லாமலேதான் அது ஆண்டுக்கணக்கில் இருந்தது. டாட்நெட் கோர் 3.0 உருவானபோது ஒரு முறை அதைச் சேர்த்துப் பார்த்தார்கள், டபிள்யூ.பி.எஃப். அதைத் தாங்காததால் திரும்ப எடுத்துவிட்டார்கள். "இந்த நூறு வரிகள் சேர்ந்தன" என்று ஒரே அறிவிப்பை நாமாக அனுப்பினால், தொகுதி மாற்றங்களுக்கு ஆதரவில்லை என்று சொல்லி நிரல் விழுந்துவிடும். பட்டியலைத் திரையில் காட்டும் இடைத்தரகர் ஒன்று உள்ளே இருக்கிறது. அதற்கு ஒவ்வொன்றாகச் சொன்னால்தான் புரியும், அல்லது "எல்லாம் மாறிவிட்டது" என்று சொல்ல வேண்டும்.

அந்த இரண்டாவது அறிவிப்புக்கு ரீசெட் என்று பெயர். அப்சர்வபிள் கலெக்‌ஷனை நீட்டித்து ஒரு புதிய வகையை எழுதி, உள்ளிருக்கும் மூலப் பட்டியலில் ஓசையில்லாமல் வரிகளைச் சேர்த்து, கடைசியில் எண்ணிக்கை, உள்ளடக்கம், ரீசெட் என்று மூன்று குரல் மட்டும் கொடுத்தால் போதும். பதினைந்தாயிரம் மூன்றானது.

ஆனால் ரீசெட் என்பது, விருந்தாளி ஒருவர் கூடுதலாக வந்ததற்காகப் பந்தியையே கலைத்து மீண்டும் உட்கார வைப்பது போன்றது. பயனர் உருட்டி வைத்திருந்த இடம் நழுவலாம். பாதியில் திருத்திக்கொண்டிருந்த கட்டம் மூடிக்கொள்ளலாம். இன்னொரு சிக்கல் வெளியே தெரியாது: என்னென்ன வரிகள் நீங்கின என்பதை ரீசெட் சொல்லாது. பட்டியலைக் காலி செய்யும்போதும் இதே கதைதான். ஒவ்வொரு வரியின் மாற்றத்தையும் தனியாகக் கவனித்துக்கொண்டிருந்த நிரல், யாரிடமிருந்து விலகுவது என்று தெரியாமல் எல்லாரையும் பிடித்துக்கொண்டே நிற்கும். நினைவகம் மெல்ல மெல்லக் கசியும். காலையில் நன்றாக ஓடிய திரை இரவில் தள்ளாடினால் இதையும் சந்தேகப்படுங்கள். எங்கள் முடிவு எளியது: ஒரு கால் நொடியில் இருபது வரிக்குள் வந்தால் ஒவ்வொன்றாகச் சேர்ப்போம், மீறினால் ரீசெட். முதன்முதலில் திரையைத் திறக்கும்போது பட்டியலை முழுதாகக் கட்டி முடித்த பிறகே திரையோடு முடிச்சுப் போடுவோம். அப்போது கேட்க ஆளே இல்லாததால் சேர்க்கும் வேலை சத்தமில்லாமல் முடிந்துவிடும்.

இன்னொன்று. வெப்பமானி நொடிக்குப் பல முறை அளவு சொல்லும். பெரும்பாலும் அதே அளவைத்தான் சொல்லும். புதிய மதிப்பும் பழைய மதிப்பும் ஒன்றே என்றால் குரல் கொடுக்காதே என்று ஒரே ஒரு நிபந்தனை வைத்தோம். திரையில் ஒரு தசம இடம்தான் காட்டுகிறோம் என்றால், ஒப்பிடுவதும் அந்த அளவுக்கே போதும். சில இளைஞர்கள், வரியின் ஒரு கட்டம் மாறியதும் அந்த வரியையே எடுத்துவிட்டுப் புது வரியைப் போடுகிறார்கள். வரிக்குள்ளேயே தன் மாற்றத்தைச் சொல்லும் வசதியை எழுதிவிட்டால் அதற்குத் தேவையில்லை. பட்டியல் தன் வரிகளின் வரவு செலவை மட்டுமே சொல்லும்; வரிக்குள் என்ன நடந்தது என்பதை வரிதான் சொல்ல வேண்டும்.

டபிள்யூ.பி.எஃப். பழைய கருவி, இது எனக்கு எதற்கு என்று கைப்பேசிச் செயலி எழுதுகிறவர்கள் நினைக்கலாம். ஆண்ட்ராய்டிலும் இதே கேள்விதான். "தரவு எல்லாம் மாறிவிட்டது" என்று பட்டியலுக்குச் சொல்வது அங்கே ரீசெட்டின் தம்பி. அதைத் தவிர்க்க, பழைய பட்டியலையும் புதியதையும் ஒப்பிட்டு மாறிய வரிகளை மட்டும் சொல்லும் டிஃப்யூட்டில் என்ற கருவி இருக்கிறது. யூஜின் மையர்ஸ் 1986-இல் வெளியிட்ட ஒப்பீட்டு முறை அதன் அடிப்படை. இணையப் பக்கங்கள் எழுதும் ரியாக்ட்டும் 2022-இல் வந்த தன் 18-ஆம் பதிப்பில், பல மாற்றங்களைத் தானே கட்டாகக் கட்டி ஒரு முறை மட்டும் வரையும் பழக்கத்தை எங்கும் விரித்துக்கொண்டது. கருவி மாறினாலும் பெரட்டு ஒன்றுதான்.

ஆம்புலன்ஸ் பஸ்ஸுக்குக் காத்திருக்காது

இதோடு முடித்திருந்தால் திரை உறையாது. ஆனால் அக்காவுக்கு நியாயம் கிடைத்திருக்காது. ஏனென்றால் கட்டாகக் கட்டுவது என்றாலே காத்திருக்க வைப்பது. ஆயிரம் சாதாரண வரிகள் கால் நொடி காத்திருக்கலாம். அடுப்பு எரிகிறது என்ற சேதி அவற்றோடு ஒரே வரிசையில் நிற்கலாமா?

எச்சரிக்கைகளை அந்தப் பட்டியலிலிருந்தே பிரித்தோம். அவற்றுக்குத் திரையின் மேற்பகுதியில் தனி இடம், தனி வழி, உயர்ந்த முன்னுரிமை, கூடவே ஒலி. வலையமைப்பு அறுந்து திரும்பும்போது இயந்திரங்கள் பழைய வரிகளுக்கு முன் எச்சரிக்கைகளையே அனுப்பும்படி மாற்றினோம். திரையில் 500 வரிகளுக்கு மேல் வைப்பதில்லை. மிச்சம் தரவுத்தளத்தில் கிடக்கும், வேண்டியவர் தேடிக்கொள்ளலாம். ஐயாயிரம் வரியை உட்கார்ந்து படிக்கும் ஆப்பரேட்டரை நான் இதுவரை பார்த்ததில்லை.

திரையின் மூலையில் நொடி முள் ஓடும் சிறு கடிகாரம் ஒன்றும் வைத்தோம். அதைத் திரை இழையே நகர்த்துகிறது. திரை உறைந்தால் கடிகாரமும் நிற்கும். நின்றால் உடனே ஆளைக் கூப்பிடலாம். முன்பெல்லாம் உறைந்த திரைக்கும் அமைதியான லைனுக்கும் வித்தியாசமே தெரியாது. அந்த ஒரு நிமிடம் அக்கா பார்த்துக்கொண்டிருந்தது நின்றுபோன ஒரு படத்தை.

சோதனை செய்யும் விதத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. எங்கள் மேசையில் புதுக் கணினியில் இருபது வரிகளை வைத்துச் சோதித்து "ஓடுகிறது" என்று கையெழுத்துப் போட்டவர்கள் நாங்கள். லைனில் இருந்ததோ பழைய கணினி. இப்போது அதே பழைய பெட்டி ஒன்று எங்கள் மேசையில் கிடக்கிறது. வலையைப் பிடுங்கி, பத்து நிமிடம் கழித்துச் சொருகி, பத்தாயிரம் வரி வரும்போது மவுஸ் அசைகிறதா என்று பார்த்த பிறகுதான் கையெழுத்து. இங்கே மிண்டெனில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கும் தம்பி தங்கைகள் இறுதியாண்டுத் திட்டத்தில் இந்தச் சோதனையைச் செய்து பார்த்தால், மதிப்பெண்ணுக்கு மட்டுமல்ல, நேர்காணலில் பேசவும் ஒரு விஷயம் கிடைக்கும்.

கடைசியாகப் பதிவேடு. அதில் முன்பு ஒரே ஒரு நேரம்தான் இருந்தது: இயந்திரம் எச்சரிக்கை அனுப்பிய நேரம். அக்காவுக்கு எதிராகச் சாட்சி சொன்னதும் அதுதான். இப்போது இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. ஒன்று அனுப்பிய நேரம், மற்றது திரை அதை வரைந்து முடித்த நேரம். அந்த இரவின் பழைய தரவைப் புதிய நிரலில் அல்ல, பழைய நிரலிலேயே மறுபடி ஓட்டி, இரண்டு நேரங்களுக்கும் நடுவே ஒரு நிமிடத்துக்கும் மேல் இடைவெளி விழுவதைக் காட்டி அறிக்கை எழுதிக் கொடுத்தோம். எங்கள் தவறு என்று எழுதுவது இனிப்பாக இல்லை. எங்கள் தலைவர் இரண்டு முறை வாசித்துவிட்டுத்தான் ஒப்பமிட்டார்.

கடிதத்தைத் திரும்பப் பெற்றார்கள். அந்த ஆண்டுக்கான மதிப்பீடு அதற்கு முன்பே முடிந்துவிட்டதால் போனஸில் குறைந்தது குறைந்ததுதான். அக்கா இன்னும் அதே லைனில் இரவு ஷிப்ட் பார்க்கிறார். புதிய ஆப்பரேட்டர் யாராவது வந்தால் வெப்பத்தைக் காட்டுவதற்கு முன் மூலையிலுள்ள கடிகாரத்தைத்தான் காட்டுகிறாராம். "இந்த முள்ளு நின்னா, மேல இருக்கிற எதையும் நம்பாதே. முதல்ல லைனை நிறுத்து, அப்புறம் தம்பிக்கு போன் போடு."